பேஸ்கெட்பால் ஜிஎம்: டிராஃப்டில் முதலில் வயதைப் பாருங்கள்

நாலு வருடமாக பேஸ்கெட்பால் ஜிஎம் விளையாடுகிறேன். பிரவுசரிலேயே ஓடும் இலவச விளையாட்டு. பந்தை நாம் தொட மாட்டோம். ஆள் எடுப்பது, விற்பது, சம்பளம் பேசுவது என்று மேனேஜர் வேலை மட்டும்தான். ஒரே லீகை 60 சீசனுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஃபைனல்ஸைவிட, அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் நாளுக்குத்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ மாதிரியே 30 அணிகள், இரண்டு ரவுண்ட், 60 பிக் (ஒரு பிக் என்றால் ஒரு ஆளை எடுக்கும் முறை). பட்டியலில் ஒவ்வொரு பையனுக்கும் நேராக வயது இருக்கும். இப்போதைய திறன் ‘ஓவர்’, நாளைக்கு எட்டக்கூடிய திறன் ‘பாட்’ என்று இரண்டு எண்களும் இருக்கும். கல்லூரியில் எத்தனை பாயின்ட் போட்டான் என்ற கதையெல்லாம் இல்லை. எண்களை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும்.

ஆரம்பத்தில் ஓவர் அதிகம் உள்ளவனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஒருமுறை ஆறாவது பிக்கில் 22 வயதுக்காரன் ஒருவன் 49-53 (ஓவர் 49, பாட் 53), 19 வயதுப் பையன் ஒருவன் 43-60. உடனே களத்தில் இறக்கலாமே என்று பெரியவனை எடுத்தேன். அவன் 51 வரை வந்தான், அதோடு சரி. சின்னவனை அடுத்த பிக்கில் எடுத்த அணி, நாலு சீசன் கழித்து அவனை வைத்தே பிளேஆஃபில் எங்களை வீட்டுக்கு அனுப்பியது.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் வீரர்களின் எண்கள் மாறும். இருபதுகளின் தொடக்கத்தில்தான் பெரிய ஏற்றம் வரும். 19 வயதில் வருபவனுக்கு, 22 வயதில் வருபவனைவிட அப்படி மூன்று வாய்ப்புகள் கூடுதல். நிஜ என்பிஏவிலும் பாருங்கள்: 2013-ல் 15-வது பிக்காக வந்தபோது யானிஸ் என்ற வீரருக்கு வயது 18. 2014-ல் 41-வதாக வந்த யோகிச்சுக்கு 19. இருவருமே பிறகு எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர், ஆனார்கள்.

பாட் என்பது கணிப்பு, அவ்வளவுதான். 68 என்று போட்டிருந்த பையன் 50-லேயே நின்றதையும் பார்த்திருக்கிறேன். தவிர, திரையில் தெரியும் எண்ணே துல்லியம் கிடையாது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்தப் பிழையைக் குறைக்கத்தான் ஸ்கவுட்டிங், அதாவது புது வீரர்களை நோட்டம் விடும் செலவு. பல சீசன் அதில் பணத்தைக் கொட்டினேன். கொட்டிய அளவுக்குப் பலன் தெரியவில்லை. இப்போது ஸ்கவுட்டிங்கைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, அந்தக் காசைக் கோச்சிங்குக்குத் திருப்பிவிட்டேன். வீரர்களின் வளர்ச்சிக்கு நேரடியாக உதவுவது அதுதான்.

வயதுக்கு அடுத்து உயரம். ஷூட்டிங்கும் ஆட்டப் புரிதலும் வருடத்துக்கு வருடம் கூடும். உயரம் பெரும்பாலும் வந்தபடியேதான் இருக்கும். ஓவர் கணக்கில் அதற்கு எடையும் அதிகம். ஒருமுறை 38-வது பிக்கில் ஏழடிப் பையன் ஒருவன் மிச்சம் இருந்தான். 19 வயது, 37-55. பெயரைத் தட்டிப் பார்த்தால் உயரத்தையும் ரீபவுண்டையும் தவிர எல்லாம் அடிமட்டம். எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அடுத்த வருடம் பிளேஆஃப் முடிந்து ரோஸ்டரை (அணி வீரர் பட்டியலை) திறந்தால், அவன் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் கூட்டல் 7. அதற்கடுத்து 52. நாலாவது சீசனில் 63. இரண்டு கோப்பைகள் அவன் தோளில்தான் வந்தன. அந்தப் பச்சை எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, சின்னப் பையனை நிறைய நிமிடம் ஆடவிட்டால் வேகமாக வளர்வான் என்று ரொம்ப நாள் நம்பி, ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கோட்டை விட்டேன். இந்த விளையாட்டில் ஆடும் நேரத்துக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை. பெஞ்சிலேயே வளரட்டும்.

அதனால் இரண்டாம் ரவுண்ட் பிக்குகளை இப்போது சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். வயதான பெஞ்ச் வீரனைக் கொடுத்துக்கூட ஒன்றிரண்டு வாங்குவேன். நாலைந்து 19 வயதுக்காரர்களை எடுத்தால் ஒருவனாவது தேறுவான். சீசன் தொடங்குவதற்குள் கழற்றிவிட்டால் புதிதாக எடுத்தவர்களுக்குச் சம்பளமும் தர வேண்டாம். அணிக்கு 15 பேர் என்ற வரம்பு மட்டும் நினைவில் இருக்கட்டும். முதல் ரவுண்டில் வருபவனுக்கு மூன்று வருடம், இரண்டாம் ரவுண்டுக்கு இரண்டு வருடம் ஒப்பந்தம். தாமதமாகத் தேறும் பையனுக்கு அந்த இரண்டு வருடம் போதாது. வளர்வான் என்று தோன்றினால் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தடுத்த வருடங்களின் பட்டியலையும் முன்கூட்டியே பார்க்கலாம். இரண்டு வருடம் தள்ளி 17 வயதில் ஒருவன் இருக்கிறான், 6 அடி 11 அங்குலம், மூன்று பாயின்ட் ஷாட்டும் சுமாராகப் போடுகிறான். அந்த வருடத்து முதல் ரவுண்ட் பிக்குகள் இரண்டு என் கையில் இருக்கின்றன. மூன்றாவதுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.