நாட்டுச் சுரை விதை பாக்கெட்: விதை மேல தப்பு இல்லங்க (4 ஸ்டார்)

மாடித் தோட்டத்துக்குன்னு ஆன்லைன்ல வாங்குனேன். பாக்கெட்ல 10 விதை, ராத்திரி ஊற வெச்சு போட்டதுல 8 முளைச்சுது, அதுல நல்லா இருந்த ரெண்ட மட்டும் பெரிய குரோ பேக்குக்கு மாத்தி பந்தல்ல ஏத்தி விட்டேன், கொடி சரசரன்னு ஓடிருச்சு. முளைப்புக்கு முழு மார்க் குடுக்கலாம்.

இங்க நிறைய பேரு பிஞ்சு பிஞ்சா உதிருது விதை மோசம்னு ஒரு ஸ்டார் போட்ருக்கீங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன். எனக்கும் மொதல்ல வந்த நாலஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்துச்சு, யாரோ விரல் நீட்டி காட்டிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க. ஆனா பெண் பூவுக்கு அடியில குட்டி சுரைக்கா மாதிரி இருக்கே, அது இன்னும் காயே ஆகலங்க, அது சூலகம். ஆண் பூவோட மகரந்தம் பெண் பூ நடுவுல ஒட்டி, அங்கேர்ந்து மெல்லிசா ஒரு குழாய் உள்ள எறங்கி சூல தொட்டாதான் அந்த சூல் விதையாகும், விதை பிடிக்க ஆரம்பிச்சாதான் சுத்தி இருக்குறது காயா பெருக்கும், இல்லன்னா செடியே அத உதிர்த்துடும். ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியா ஒரு மகரந்தத்தூள் வேணும், அது பத்தலன்னாதான் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பின காய் வருது.

சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், அந்துப்பூச்சி வந்து சேக்கணும், எங்க மூணாவது மாடிக்கு அது வரவே இல்ல. அதனால 6 மணிக்கு மேல ஆண் பூவ பறிச்சு இதழ பிச்சுட்டு பெண் பூ நடுவுல மெதுவா தடவி விட்டேன். காலைல போனா பூ வாடிடும் (பரங்கிக்கு நேர்மாறு, அதுக்கு விடிகாலைல செய்யணும்). அப்புறம் 11 காய் பறிச்சேன், கூட்டுக்கு அவ்ளோ பிஞ்சா ருசியா இருந்துச்சு.

உரம், தண்ணி, வெயில் எல்லாம் பாக்கெட்ல போட்டவங்க இத ஒரு வரி போட்ருக்கலாம், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைச்சேன்.

ஒரு காய விதைக்கு விட்ருக்கேன். பக்கத்து மாடில குண்டு சுரை இருக்கு, அது கலந்தா இந்த காய் மாறாது ஆனா உள்ள விதை மாறிடும்னு மொட்டுலயே நூல் கட்டி வெச்சு, நானே சேத்து விட்டு திரும்ப கட்டினேன். தோல் காஞ்சு குலுக்குனா கலகலன்னு சத்தம் கேக்கணும், அதுவரைக்கும் கொடியிலயே தொங்கட்டும்.