ஸ்விஃப்ட் டீசல்: பழசானாலும் நல்ல எஞ்சின்

வேளச்சேரியில் நான் ஓட்டுவது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். உள்ளே ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின்: 1248 சிசி, 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, 2000-ஐ நெருங்கும்வரை விழிக்காது. கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலோடு ஏறும்போது கியரைக் குறைத்தே ஆக வேண்டும். விழித்துவிட்டால் என்ன இழுவை! ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டினால் ஓட்டவே ஆசையாக இருக்கும்.

வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடவைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். செயினும் சரி, டர்போவும் சரி, ஆயிலை நம்பித்தான் பிழைக்கின்றன. அதனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தினால், டர்போ சூடு தணிய ஒரு நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு அணையுங்கள். அப்புறம், டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரைச் சர்வீஸில் வடிக்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் காலையில், எஞ்சின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.