ஃபேன் மெதுவா சுத்துதுன்னு கடைக்கு தூக்கிட்டுப் போக முந்தி இத வாசிங்க

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்து தோட்டத்து சனம் எல்லாரும் இத கொஞ்சம் வாசிங்க. எங்க அம்மாகிட்ட ஒரு கடைக்காரன் ரெண்டு தடவையா 9,300 ரூவா புடுங்கியிருக்கான், அது கொழுந்து பறிச்சு சேத்த காசு.

எங்க ஸ்டேண்ட் ஃபேன் பகல்ல நல்லா சுத்தும், பொழுது சாய்ஞ்சா மூணாம் பட்டன் அமத்துனாலும் ஒண்ணாம் பட்டன் மாதிரி தான் போகும், சில நாள் ம்ம்ம்னு சத்தம் மட்டும் வரும், இறக்கையே அசையாது. நுவரெலியா பக்கம்னா ஃபேன் இல்லாம சமாளிக்கலாம், எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, தகரத்துக்கு கீழ ஏப்ரல் மாசம் அது இல்லாம படுக்க ஏலாது. அம்மா டவுனுக்கு கொண்டு போனாங்க. கடைக்காரன் மோட்டர் கொயில் எரிஞ்சிருச்சும்மா, புதுசா சுத்தணும்னு 3,800 வாங்கிட்டான். பகல்ல கடையில வச்சு ஓட்டிக் காட்டுறப்போ நல்லா ஓடுச்சு, வீட்டுக்கு கொண்டு வந்து ராவு பாத்தா அதே கதை. திரும்பப் போனா வோல்டேஜ் ஏத்துற பெட்டின்னு ஒண்ண 5,500க்கு தலையில கட்டிட்டான், பில்லும் எழுதல.

எங்க சித்தப்பா மகன் ஃபேக்டரில கரண்ட் வேலை பாக்குறான். அவன் வோல்டேஜ் அளக்குற மல்டிமீட்டரோட வந்து பிளக் பாயிண்ட்ல வச்சா, ராவு ஏழு மணிக்கு 176 வோல்ட். பதினோரு மணி போல திரும்ப அளந்தா 228. நம்ம நாட்டுல வீட்டுக்கு வர வேண்டியது 230, கூடினா குறைஞ்சா 6 வீதம், அதாவது 216க்கு கீழ போகக் கூடாது. ஃபேன்ல ஒரு பழுதும் இல்ல.

அவன் வெளங்கப்படுத்துனது இது தான். இந்த மோட்டரோட இழுவை, அதாவது சுத்துற பலம், வோல்டேஜோட வர்க்கத்துக்கு (அதே எண்ணால பெருக்குனதுக்கு) ஏத்த மாதிரி குறையும். 230க்கு 176ன்னா இழுவை அறுபது வீதத்துக்கும் கீழ வந்துரும், இறக்கை காத்த தள்ள முடியாம வேகம் விழுந்துரும், கிளம்பவே பலம் இல்லாம நிண்டுட்டா கொயில் சூடேறும், அப்பிடியே விட்டா நெசமாவே எரிஞ்சு போகும். அதனால அசையாம சத்தம் மட்டும் வந்தா உடனே ஆஃப் பண்ணிருங்க. நம்ம லயம் டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து லைன் கடைசில இருக்கு, அந்திக்கு எல்லா வீட்லயும் ரைஸ் குக்கர், கேத்தல் போட்டோடனே வோல்டேஜ் இறங்கிருது. முந்தி குண்டு பல்பு மங்குறத வச்சே கண்டுபிடிச்சிருவோம், இப்ப அனேகமான எல்இடி பல்பு 180லயும் ஒரே வெளிச்சம் தான், அதனால யாருக்கும் தெரியுறதில்ல.

பொறகு மோட்டர கழட்டிப் பாத்தோம். வயித்தெரிச்சல் அங்க தான். வெளி மூடிய மட்டும் தொடச்சு பளபளன்னு வச்சிருக்கான், உள்ள கொயில கட்டியிருக்கிற நூலெல்லாம் கம்பெனில கட்டுனது, நூலுக்கு இடையில பல வருசத்து தூசி அப்பிடியே இறுகிக் கிடக்கு. புதுசா சுத்துன கொயில்ல எப்பிடி தூசி இறுகும்? பெட்டிய கழட்டுனா கரண்ட கொஞ்சமா சேத்து வைக்கிற ஒரு கப்பாசிட்டரும் பச்சை லைட்டும் தான். வோல்டேஜ் ஏத்துற நெச ஸ்டெபிலைசருக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், கையில தூக்குனா கனக்கும். இது பவுடர் டப்பா மாதிரி லேசு. செருகிட்டு அளந்தாலும் அதே 176.

ஃபேன் ராவுல மட்டும் மெதுவா போனா வோல்டேஜ சந்தேகப்படுங்க, வேலை தெரிஞ்ச ஆள வச்சு ராவுலயும் பகல்லயும் அளக்கச் சொல்லுங்க, நீங்களா பிளக்குக்குள்ள கம்பி விடாதீங்க. எந்த நேரமும் மெதுவா போனா ஃபேன்ல இருக்கிற கப்பாசிட்டர் பலம் குறைஞ்சிருக்கும், சின்ன சாமான் தான், மாத்துனா சரியாயிரும். பிளக்க கழட்டிட்டு கையால இறக்கைய சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா மோட்டர் தண்டு சுத்துற புஷ்ல எண்ணெய் வத்தியிருக்கும். வோல்டேஜ் தான் குறையுதுன்னா மின்சார சபைக்கு 1987ல சொல்லுங்க, டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ கூட்டிக் குறைக்கிற டேப்ப மாத்தியோ லைன் கம்பிய தடிப்பாக்கியோ சரி செய்யலாம். லயத்துல பல வீட்டுக்காரங்க சேந்து சொன்னா நல்லது.

நாங்க பாவனையாளர் அதிகார சபைக்கு, 1977க்கு, சொல்லப் போறோம். பச்சை லைட் வச்ச அந்த வெள்ளைப் பெட்டிய இந்தப் பக்கம் வேற யாரும் வாங்கியிருந்தா தூக்கி எறிஞ்சிராதீங்க, பில்லு இருந்தா அதையும் வைங்க, ஒண்ணா சேந்து முறைப்பாடு குடுப்போம்.