நெடுந்தூர ஓட்டத்துக்கு புரோபயாடிக் கேப்சூல்: நான்கு வாரம் பயன்படுத்திய பின்

முழு மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்களுக்கு முன்பாக வயிறு மக்கர் செய்வது பலருக்கும் பழக்கமான தொல்லை. ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் பாய்வதால் குடலுக்குப் போகும் அளவு வெகுவாகக் குறைகிறது. அந்நேரத்தில் ஆற்றலுக்காக விழுங்கும் இனிப்பு ஜெல் குமட்டலையும் வயிற்றுப் பிடிப்பையும் கிளப்பிவிடுகிறது. சென்ற முறை இதனால் கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பாதி நடந்தே கடந்த நான், இம்முறை புரோபயாடிக், அதாவது குடலுக்கு நன்மை தரும் பல நுண்ணுயிர்கள் கலந்த கேப்சூல் ஒன்றைப் பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கினேன்.

நான்கு வாரம் என்பது என் கணக்கன்று. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 28 நாட்கள் புரோபயாடிக்கும் மற்றதற்கு வெற்று கேப்சூலும் கொடுத்து மாரத்தான் ஓடவைத்தனர். 2019இல் வெளியான அந்த முடிவுகளின்படி, புரோபயாடிக் எடுத்தவர்களுக்குப் பந்தயத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் வயிற்றுத் தொல்லை குறைவாக இருந்தது. ஓடி முடித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எனக்கும் ஏறத்தாழ அப்படியே நடந்தது. முதல் வாரம் வயிறு உப்பிக்கொண்டு சங்கடப்படுத்தியது. ஆகவே பந்தய வாரத்தில் இதைப் புதிதாகத் தொடங்கவே கூடாது. பந்தயத்தன்று 35ஆவது கிலோமீட்டரில் எடுத்த ஜெல்கூடக் குமட்டாமல் இறங்கியது. முந்தைய இரவு காரமில்லாமல் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டதும் உதவியிருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் கேப்சூலுக்குத் தர மாட்டேன். வேகம் கூடவில்லை.

ஆனால் புட்டியோடு வந்த துண்டறிக்கை, சுண்டெலி ஆய்வு ஒன்றைக் காட்டி வேகத்தைத்தான் பெரிதாகப் பேசுகிறது. பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர் ஒருவரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த வெய்லனெல்லா என்ற பாக்டீரியா, சுண்டெலிகளை 13 விழுக்காடு கூடுதல் நேரம் ஓடவைத்தது உண்மையே. அந்த பாக்டீரியா இந்தப் புட்டியில் இல்லை. இருப்பவை லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அவற்றிலும் எந்த வகை என்று காட்டும் குறியீட்டு எண் இல்லை. அச்சிட்டுள்ள உயிரணு எண்ணிக்கை தயாரித்த நாளுக்குரியதா, காலாவதி நாள் வரைக்குமானதா என்ற விவரமும் இல்லை. பயன் வகைக்கு வகை மாறும் பொருளில் இவற்றை மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் புட்டி, மதிய வெயிலில் சூடேறிய உறையில் என் வாசலுக்கு வந்தது.

அடுத்த பந்தயத்துக்கும் புரோபயாடிக் எடுப்பேன். இந்தப் புட்டியை வாங்க மாட்டேன். குறியீடும் காலாவதி நாள் எண்ணிக்கையும் அச்சிட்ட ஒன்றை, குளிர்பெட்டியில் வைத்து விற்கும் மருந்துக் கடையில் நேரில் பார்த்து வாங்குவேன்.