கான்ஃபோகலா, மேசை எலெக்ட்ரான் நுண்ணோக்கியா?

எங்கள் வளாகத்தின் ஐந்து துறைகளுக்கும் பொதுவாக ஓர் உயர்நிலை நுண்ணோக்கி வாங்க நிதி கிடைத்தபோது, கொள்முதல் குழுவில் தாவரவியல் சார்பில் நான் இருந்தேன். கடைசியில் இரண்டு கருவிகள் எஞ்சின: லேசர் கான்ஃபோகல் நுண்ணோக்கி, மேசை மேல் வைக்கும் அளவிலான ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி. இரண்டாவதை வாங்கினோம். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மறுபடி வாங்கச் சொன்னாலும் அதையேதான் கேட்பேன்.

கான்ஃபோகலின் அருமை எனக்குத் தெரியாததல்ல. குவியத்தில் இல்லாத ஒளியை ஓர் ஊசித்துளையால் தடுத்துவிடும் அந்த யோசனைக்கு அமெரிக்க அறிவியலாளர் மார்வின் மின்ஸ்கி 1957இலேயே காப்புரிமை கோரினார். வேர்நுனியை வெட்டாமலே அடுக்கடுக்காகப் படமெடுத்து முப்பரிமாணமாகக் கோத்துவிடலாம்; உயிருள்ள செல்லையும் பார்க்கலாம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரி வெற்றிடத்துக்குள் போகவேண்டும், உலர்ந்திருக்கவேண்டும். தெரிவதும் மேற்பரப்பு மட்டுமே, அதுவும் கறுப்பு வெள்ளையில். ஆனால் கான்ஃபோகல் 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடும் இடத்தில், இது அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக இறங்கும். விலையிலும் இதுவே குறைவு.

இவை எவையும் எங்கள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது பராமரிப்பு.

துறையில் முன்பு ஒரு ஃப்ளூரசன்ஸ் நுண்ணோக்கி, அதாவது சாயமேற்றிய மாதிரியை ஒளிரவைத்துப் பார்க்கும் கருவி, இருந்தது. அதன் பாதரச விளக்கின் ஆயுள் இருநூறு, முந்நூறு மணி நேரம்தான். விளக்கு தீர்ந்ததும் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து புது விளக்கு வருவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. இடையில் ஐப்பசி மழை. குளிர்சாதனமும் ஓடாத அறையில், மாதிரியை ஒட்டி நிற்கும் பொருள் வில்லைக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாளை என்னால் மறக்க முடியவில்லை.

கான்ஃபோகலில் லேசர், கதிரை நகர்த்தும் ஆடிகள், ஒளி உணரிகள் எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தி நிற்கவேண்டும். பிசகினால் நிறுவனத்தின் பொறியாளர் வெளியூரிலிருந்து வரவேண்டும். பழைய ஆர்கான் வாயு லேசரைவிட இன்றைய டையோடு லேசர்கள் பல மடங்கு உழைக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் உத்தரவாதம் முடிந்த பின் அவர்கள் கேட்ட ஆண்டுப் பராமரிப்புத் தொகை, எங்கள் துறை ஓராண்டில் வேதிப்பொருள்களுக்குச் செலவழிப்பதைவிட அதிகம்.

எங்கள் கருவியில் அடிக்கடி தேய்வது, சூடேறி எலெக்ட்ரான்களை உமிழும் ஒரு டங்ஸ்டன் இழை. கொண்டை ஊசி போல வளைந்த மெல்லிய கம்பி. ஏறக்குறைய நூறு மணி நேரம் தாங்கும். ஆய்வக உதவியாளரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முதல் தடவை இழை மாற்ற அவருக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. இப்போது அரை மணி நேரம் போதும். பழைய இழையை உருப்பெருக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவார்: மெலிந்து அறுந்திருந்தால் ஆயுள் முடிந்து போனது, நுனி உருகி மணியாகத் திரண்டிருந்தால் நாம் அதிகமாகச் சூடேற்றிவிட்டோம். முதுகலை மாணவர்கள் கையுறை போட்டுக்கொண்டு தாங்களே மாற்றக் கற்றுக்கொண்டார்கள். கற்பித்தலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொதுக்கருவி என்ற சொல்லுக்கும் இதுவே பொருந்துகிறது. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறைக் கல்லில் சுரண்டிய பாசியை அமிலத்தில் கழுவி வைத்தால், டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓட்டில் துளை வரிசைகள் கோலப்புள்ளி போலத் தெரிகின்றன. நிலவியல் துறையினர் தேரிக்காட்டுச் செம்மணலைக் கொண்டுவருகிறார்கள். சிவப்புக்குக் காரணமான இரும்புப் பூச்சை, கருவியோடு இணைந்த, தனிமங்களை அடையாளம் காணும் எக்ஸ் கதிர் உணரி உடனே காட்டிவிடுகிறது. கான்ஃபோகல் வாங்கியிருந்தால் அவர்களுக்கு அதில் பெரிதாக வேலை இருந்திருக்காது.

கான்ஃபோகல் தேவைப்படும்போது, ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தில் வேறு நிறுவனத்தின் கருவிக்கு நேரம் பதிவு செய்துகொள்கிறோம். பதப்படுத்திய மாதிரிகள் வைத்த கண்ணாடித் தகடுகளோடு மாணவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்வருகிறார்கள். உயிருள்ள செல்களை அப்படிக் கொண்டுபோக முடிவதில்லை. அந்த ஆய்வு ஆசை உள்ள ஒரு மாணவிக்கு எங்களால் வழிகாட்ட முடியாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வெற்றிடப் பம்பு இதுவரை பழுதாகவில்லை. பழுதானால் செலவு இழையைப் போல இருக்காது. மூன்று ஆண்டு அனுபவத்தை வைத்து அதைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். செல் வளர்ப்பு அறையும் செல் உயிரியல் ஆய்வாளர்களும் ஏற்கெனவே உள்ள இடமென்றால் கான்ஃபோகலையே வாங்குங்கள். எதை வாங்கினாலும், ஐந்தாண்டுப் பராமரிப்பைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள்; கருவி வந்து இறங்கிய பிறகு அந்தப் பணத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவது கடினம்.