கார் கடன் தவணைக்கு மூன்று மாத விடுமுறை: எடுக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

கார் கடனுக்கான தவணை அட்டவணையை எடுத்து மேஜையில் விரித்துவையுங்கள். கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் எங்கோ அடியில் கிடக்கும். அசல், வட்டி, நிலுவை என்று பத்தி பத்தியாக எண்கள் இருக்கும். கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதத்தோடு சில மாதம் தவணையைத் தள்ளிவைக்கும் இந்த விடுமுறையை எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த நிலுவைப் பத்தியிலேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கடன் 5,00,000. வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், காலம் 60 மாதம். மாதத் தவணை ஏறத்தாழ 10,624 வரும். ஓராண்டு ஒழுங்காகக் கட்டி முடித்தபோது நிலுவை 4,18,865. இங்கே மூன்று மாதம் கட்டாமல் விட்டால் நிலுவை இப்படிப் போகும்: 4,22,356, அடுத்து 4,25,875, அடுத்து 4,29,424. இறங்க வேண்டிய எண் ஏறுகிறது. லீவு தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. திரும்பக் கட்டத் தொடங்கினால், பழைய இடத்துக்கு வந்து சேரவே ஒன்றரைத் தவணை போய்விடும்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இந்திய ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் இறுதிவரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது நினைவிருக்கலாம். அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்யச் சொன்னது அந்தக் காலத்து வட்டிக்கு மேல் போட்ட வட்டியை மட்டும்தான். அவ்வளவு பெரிய நெருக்கடியிலேயே அடிப்படை வட்டி போகவில்லை என்றால், சாதாரண நாளில் ஒரு நிறுவனம் அதை விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, ஏறிய நிலுவையை எப்படி அடைப்பது? இங்கேதான் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள். தவணைத் தொகை மாறாமல் காலம் நீளுவது ஒன்று. நம் கணக்கில் கடன் நாலரை மாதம் தள்ளி முடியும், கூடுதல் செலவு சுமார் 15,900. பழைய தேதியிலேயே கடன் முடிய வேண்டும் என்பது இன்னொன்று. அதில் தவணை 11,483 ஆக உயரும், கூடுதல் செலவு சுமார் 6,800தான். மூன்றாவது வகையில் அந்த மூன்று மாதமும் வட்டியை மட்டும், மாதம் 3,491 வீதம் கட்டிவிட்டு, அப்புறம் பழைய தவணையையே தொடரலாம். முடிவுத் தேதி மூன்று மாதம் தள்ளும், கூடுதல் செலவு சுமார் 10,470.

எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் மலிவு. ஆனால் 10,624 கட்டவே திணறியவர் மறு மாதத்திலிருந்து 11,483 கட்டுவார் என்று நம்புவது கொஞ்சம் அதிகம். என் ஓட்டு வட்டி மட்டும் கட்டும் வழிக்குத்தான். தவணையில் மூன்றில் ஒரு பங்கைப் புரட்ட முடிந்தால் போதும், நிலுவை அசையாமல் நிற்கும்.

முதல் வகையின் 15,900-ஐப் பார்த்து 'அநியாயம்' என்று தோன்றலாம். அநியாயம் எதுவும் இல்லை, அதே 10 சதவீதம்தான். சிக்கல் வேறு. மூன்று மாதத்தில் கையில் நின்ற 31,872-ஐ நான்கு வருடத்துக்கு மேல் இழுத்து அடைக்கிறோம். மூன்று மாதக் கஷ்டத்துக்கு நான்கு வருடக் கடன். நிலைமை சீரானதும் அந்தத் தொகையைச் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டால் செலவின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே, கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதே விடுமுறையைக் கடனின் கடைசி ஓராண்டில், நிலுவை 1,20,837 இருக்கும்போது எடுத்தால் செலவு 3,400-ஐத் தாண்டாது. கடன் புதிதாக இருக்கையில்தான் விடுமுறை விலை அதிகம்.

இனி எதிர்முகாம். விடுமுறை எடுக்காமல் அந்த மூன்று தவணையை வேறு எங்கிருந்து கட்டலாம்?

சேமிப்பு இருந்தால், அது ஈட்டும் வட்டி கார் கடன் வட்டியைவிடக் குறைவு என்றால், அதிலிருந்து கட்டுவதுதான் லாபம். ஒரே ஒரு விலக்கு: வேலையே போய்விட்டது, கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குத்தான் காணும் என்றால் அதைத் தொடாதீர்கள். அது அரிசிக்கும் வாடகைக்கும். அந்த நிலையில் விடுமுறையே மேல்.

கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தவணை கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கார் கடன் வட்டியைப்போலப் பல மடங்கு வட்டி, அதில் மினிமம் டியூ என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கரையேறுவது கஷ்டம். பெர்சனல் லோன் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஈடு இல்லாத கடன் என்பதால் வட்டி பெரும்பாலும் கார் கடனைவிடக் கூடுதல், நடைமுறைக் கட்டணம் வேறு. 10 சதவீதக் கடனைத் தள்ளிவைக்க அதைவிட அதிக வட்டிக்கு வாங்குவானேன்? சொந்தக்காரர்களிடம் கேட்டால் வட்டி இல்லை, உண்மைதான். அடுத்த கல்யாண வீட்டில் அவர் முகத்தைப் பார்க்கும்போது கட்டும் வட்டியை எந்த அட்டவணையிலும் போட முடியாது.

யாரிடமும் சொல்லாமல் கட்டாமல் விடுவதும் ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். தாமதக் கட்டணம், கிரெடிட் ஸ்கோரில் அடி, கடைசியில் வண்டியையே எடுத்துக்கொண்டு போவது. கார்தான் கடனுக்கு ஈடு என்பது அப்போதுதான் உறைக்கும். தவணை தவறுவதற்கு முன் பேசுபவருக்குக் கிடைக்கும் காது, தவறிய பின் பேசுபவருக்குக் கிடைப்பதில்லை.

இவ்வளவு ஒப்பீட்டுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. நான்காவது மாதம் பணம் வருமா? சம்பளம் தாமதம், மருத்துவச் செலவு, இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி, இதற்கெல்லாம் விடுமுறை பொருந்தும். வருமானம் திரும்புவதற்கு அறிகுறியே இல்லை என்றால் பொருந்தாது. கார் மாதா மாதம் விலை இறங்கும் பொருள். விடுமுறையிலோ கடன் ஏறுகிறது. ஒன்று இறங்கி ஒன்று ஏறினால், விற்றாலும் கடன் அடையாத நிலை சீக்கிரம் வந்துவிடும். விபத்தில் வண்டி முழுதாகப் போனால்கூட காப்பீடு தருவது பொதுவாக அன்றைய மதிப்பைத்தான், நிலுவையை அல்ல. வருமானம் திரும்பும் அறிகுறி இல்லாதவர் விடுமுறைக்கு விண்ணப்பிப்பதைவிட, விற்றால் கடன் அடையும் நிலை இருக்கும்போதே வண்டியை விற்றுவிடுவது நல்லது. மனசு கேட்காது, தெரியும்.

விடுமுறைதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. போனில் "சரி சார், போட்டாச்சு" என்றார்கள். நானும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டேன். ஐந்தாம் தேதி காலை வழக்கம்போல ஆட்டோ டெபிட் வந்து நின்றது. கணக்கில் பணம் இல்லை. பவுன்ஸ் ஆனதற்கு வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம். "யார் சார் சொன்னது, பெயர் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார்கள். தெரியவில்லை. கட்டணங்களைத் திரும்ப வாங்க ஆறு வாரம் அலைந்தேன். அதனால் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மூன்று வகையில் எது, கிரெடிட் அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வரும்வரை ஒரு தவணைப் பணத்தைக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். அப்புறம் புதிய அட்டவணை கேளுங்கள். வந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து நிலுவைப் பத்தியை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். எனக்கு வந்த அட்டவணையில் காலத்தையும் நீட்டித் தவணையையும் ஏற்றியிருந்தார்கள்.