அரிசி ஆலை மென்பொருளில் இரவல் கிரிட்: 2008 முதல் இன்றுவரை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு 2008-ல் எடைமேடை மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். லோடு வண்டி எடை, காலி வண்டி எடை, ரகம், ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, கடைசியில் ஒரு சீட்டு. அவ்வளவுதான். இன்னும் ஓடுகிறது. நான் எழுதிய பகுதி கொடுத்த தொல்லையைவிட, வெளியே வாங்கி ஒட்டவைத்த கன்ட்ரோல்கள், அதாவது திரையில் வைக்கும் பெட்டி, அட்டவணை போன்ற ஆயத்தத் துண்டுகள், கொடுத்த தொல்லை அதிகம். அவை இல்லாவிட்டால் அந்தக் குறுவை அறுப்புக்குள் வேலையை முடித்திருக்கவும் மாட்டேன்.

அப்போது கையில் இருந்தது விபி6, அதாவது மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் எழுதும் கருவி. 1998-ல் வந்த சாமான். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அதே 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டிருந்தது. நமக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சீரியல் போர்ட்டில் எடையைப் பிடிக்க எம்எஸ்காம் என்ற கன்ட்ரோல். பதிவுகளைக் காட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கிரிட், அதாவது அட்டவணைக் கன்ட்ரோல்; ஒரே ஓசிஎக்ஸ் (கன்ட்ரோல் அடங்கிய) கோப்பு. ஃபார்மில் இழுத்துப் போட்டால் ரகவாரியாகப் பிரித்துக் கூட்டிக் காட்டிவிடும். நானே எழுத உட்கார்ந்திருந்தால் இரண்டு மாதம் போயிருக்கும்.

முதல் நாளே கணக்குப்பிள்ளை கேட்டார்: “என்ன தம்பி, வண்டி நம்பர் வருது, எடை வருது, ரகம் மட்டும் கேள்விக்குறியா நிக்குது?”

விபி6-ன் சொந்தக் கன்ட்ரோல்கள், யூனிகோடுக்கு முந்தைய ஆன்சி என்ற எழுத்துக் குறியீட்டு முறைக் காலத்தவை. விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாது. அதனால் யூனிகோடு தமிழ் உள்ளே போனதும் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. எம்எஸ் ஆபீஸோடு வரும் எஃப்எம்20 கோப்பிலுள்ள கன்ட்ரோல்கள் யூனிகோடு காட்டும். ஆனால் அதை நாமே எடுத்துப் பிறருக்குக் கொடுக்க உரிமை இல்லை, ஆலைக் கணினியில் ஆபீஸும் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எட்டு பிட் எழுத்துரு ஒன்றைக் கிரிட்டுக்கு மாட்டிச் சமாளித்தேன். திரையில் ‘பொன்மணி’ என்ற நெல் ரகம் அழகாகத் தெரியும். டேட்டாபேஸைத் திறந்தால் ஆங்கிலக் குப்பை. அந்தக் கடனை வட்டியோடு கட்டியது பின்னால்.

பத்து வருடம் பிரச்சினை இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எடைமேடை அறையின் தகரம் பறந்து, கணினி நனைந்து போனது. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. கரண்ட் வந்தபிறகு புது கணினியோடு போனேன். 64 பிட் விண்டோஸ் 10. மென்பொருளைத் தட்டினால், அந்த ஓசிஎக்ஸ் பதிவாகவில்லை என்று நின்றுவிட்டது. 32 பிட் ஓசிஎக்ஸை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் போடக்கூடாது, சிஸ்வாவ்64-ல் போட வேண்டும்; பெயரைப் பார்த்தால் தலைகீழாகத்தான் தோன்றும். அங்கிருக்கும் ரெக்எஸ்விஆர்32 என்ற பதிவுசெய்யும் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டியதும் உயிர் வந்தது.

சரி, இனி யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று என் கணினியில் ப்ராஜெக்டைத் திறந்தால் வேறு பூட்டு. கிரிட் ஓடுவதற்கான சாவி, ஓடும் நிரல் கோப்பான எக்ஸிக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்மைத் திருத்துவதற்கு லைசென்ஸ் கோப்பு தனியாக வேண்டும். அது பழைய கணினியோடு போய்விட்டது. விற்ற நிறுவனமோ அந்தக் கிரிட்டை எப்போதோ கைவிட்டிருந்தது. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திருத்த முடியாமல் நின்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

மைக்ரோசாஃப்டின் புதிய தளமான டாட்நெட்டில் புதிதாக எழுதினேன். ரகவாரியாக நன்றாகக் குழுவாக்கித் தரும் வேறொரு கிரிட்டைச் சோதனைப் பதிப்பாக இறக்கிப் பார்த்தேன். தேடல் பெட்டியில் ‘ப’ என்று தட்டியதும் பொருந்திய எழுத்தை மட்டும் மஞ்சளாக்கித் தனியாக வரைந்தது. மஞ்சளில் ஒரு ‘ப’. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அதற்கு இந்தப் பக்கம் ஒற்றைக்கொம்பு, அந்தப் பக்கம் கால், பிறகு ‘ன்மணி’. உயிர்மெய்யை வெட்டக்கூடாது என்று அதை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். விலையைக்கூடக் கேட்காமல் கழற்றிவிட்டேன். டாட்நெட்டோடு வரும் டேட்டாகிரிட்வியூ என்ற கிரிட்டே போதும் என்று முடிவு செய்தேன். குழுவாக்கம் அதில் இல்லை. கூட்டல் வரிகளை நானே எழுதினேன், ஒரு வாரம்தான் ஆனது.

அப்போதும் ‘பொன்மணி’ என்று முழுதாகத் தட்டினால் பழைய பதிவு ஒன்றுகூட வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கருவி ‘பொ’வை ப, கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக எழுதி வைத்திருந்தது, கீபோர்டு தருவது ப, ஒகரக்குறி என்று இரண்டு. எல்லாப் பதிவையும் நார்மலைஸ் செய்து ஒரே குறியீட்டு வடிவாக்கியபிறகு, பொன்மணி என்கிற சிஆர் 1009 போட்ட எல்லா வருடமும் வரிசையாக வந்து நின்றது. எழுத்துருவையும் லதாவிலிருந்து நிர்மலாவுக்கு மாற்றினேன். விண்டோஸ் 10-ல் லதா தானாக வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது உள்ளே இருக்கும் வெளிப் பொருள் ஒன்றே ஒன்று, சீட்டு முன்தோற்றத்துக்கு வெப்வியூ2, நிரலுக்குள் வலைப்பக்கம் காட்டும் கன்ட்ரோல். அதுவும் முதல் நாள் வெறும் வெள்ளையாக நின்றது. தன் தரவுக் கோப்புறையை எக்ஸிக்குப் பக்கத்திலேயே உருவாக்கப் பார்க்கும். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அதற்கு அனுமதி கிடையாது. கோப்புறையைப் பயனரின் சொந்த இடமான ஆப்டேட்டாவுக்கு மாற்றியதும் சரியானது. முன்தோற்றம் வராவிட்டாலும் பிரிண்டரில் சீட்டு வரும்படி வைத்திருக்கிறேன், ஏனென்றால் சீட்டு இல்லாமல் லாரி நகராது.

பழைய ஓசிஎக்ஸும் அந்த எக்ஸியும் ஒரு பென்டிரைவில், எடைமேடை அறை மேசை டிராயரில் கிடக்கின்றன. “அது எதுக்குத் தம்பி இன்னும்?” என்றார் கணக்குப்பிள்ளை. “இருக்கட்டும்ண்ணே” என்றேன்.